புதன்கிழமை வரை

பிப்ரவரி. கிரென்ஷனில் மூடுபனி
கூரை மேல் குந்தி எழ மறுக்கிறது.
சமையலறை மேசையில் கட்டம் போட்ட தாள்,
மூன்று நிறப் பேனாக்கள்,
கடிகாரப் பற்சக்கரம் அளந்தே பழகிய என் கண்.
ஜூலையில் மலைக்குப் போகிறோம். நான்கு பேர், ஏழு இரவு.
பொன்த்ரெசினாவில்
குளியலறையை மாடி முழுக்கப் பங்குபோடும் மலிவு விடுதி.
சுண்டைக்காய் கால் பணம் என்று மகிழ்ந்துவிட்டேன்.
சுமைகூலி முக்கால் பணத்தை
ரயில் கட்டண அட்டவணை பிறகுதான் சொன்னது.

நாள் பாஸ் எடுத்தால் நாள் முழுக்க ஓட வேண்டும்;
உட்கார்ந்திருந்தால் சட்டைப்பையிலிருந்து முறைக்கும்.
வட்டார பாஸில் மழை நாளையும் சேர்த்தே விற்கிறார்கள்.
முன்கூட்டி எடுக்கிற மலிவு டிக்கெட்டில்
ரயிலை மாற்ற முடியாது,
மனசையும்.
அரைக் கட்டண அட்டை வாங்கினால்
நாற்பத்தேழு வயதில் நான் ஓர் அரை டிக்கெட்,
கொரின் இன்னோர் அரை,
கூட்டினால் இருவரும் சேர்ந்து ஓர் ஆள்.
(நீலப் பேனா இதைத்தான் வட்டமிட்டது.)

பிள்ளைகளுக்குத் தனி அட்டை உண்டு:
அப்பாவோ அம்மாவோ கூட இருக்கும்வரை
எந்த ரயிலும் அவர்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை,
பதினாறு ஆகும்வரை.

இங்கேதான் பேனா நின்றது.
லொரினுக்கு ஏழுதான், கவலையில்லை.
செரைனா பிறந்தது ஜூலை பதினாறு.
இந்த வருஷம் அது புதன்கிழமை.
ஒரு சனிக்கிழமை சும்மா ஏறுகிறவள்
மறு சனிக்கிழமை காசு கொடுத்து இறங்க வேண்டும்.

"செவ்வாயன்றே திரும்பிவிட்டால்?"
கொரின் கரண்டியைக் கீழே வைத்த சத்தத்தில்
பதில் இருந்தது.

ஸ்டேஷன் கவுன்ட்டரில் திருமதி சும்தோர்.
"இவள் பிறந்தது இரவு பதினொன்று பத்துக்கு.
அதுவரை பதினைந்துதானே?" என்றேன்.
வரிசையில் யாரோ இருமினார்கள்.
அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"ரயில்வே தேதியைப் பார்க்கும், சார்.
பிரசவ அறைக் கடிகாரத்தைப் பார்க்காது."
திரும்பினேன்.
பக்கத்தில் நின்றவளைக் காணோம்.
டிக்கெட் இயந்திரத்துக்குப் பின்னால்
முகத்தைத் தலைமுடிக்குள் ஒளித்துக்கொண்டிருந்தாள்.

அன்று இரவு, சனிக்கிழமைதோறும்
பேக்கரியில் தட்டு கழுவிச் சேர்த்த நோட்டுகளை
என் கட்டங்களின் மேல் வைத்தாள்.
"புதனுக்கு அப்புறம் என் டிக்கெட் என் காசு."
"உனக்கும் ஓர் அரைக் கட்டண அட்டை எடுத்தால்" என்று
பச்சைப் பேனாவைத் திறந்தேன்.
"முழுசா" என்றாள்.
மூடிவிட்டேன்.

விடுமுறையைப் பற்றி என்ன சொல்ல.
இரண்டு நாள் மழை. லொரின் பாலத்துக்குப் பாலம் கை தட்டினான்.
கொரினின் காலணி ஓர் ஓடையோடு போயிற்று.
புதன் விடியலில் கட்டில் காலி.
முதல் ரயிலில் தனியாக ஆல்ப் க்ரூம் போய்
பகல் சாப்பாட்டுக்குத் திரும்பியவளிடம்
பனியாறு எப்படியிருந்தது என்று கேட்டோம்.
"இருந்தது" என்றாள்.
கேக்கை நான்காக வெட்டினோம், சமமாக இல்லை.

சனிக்கிழமை இறக்கம்.
எங்களோடு உட்காரவில்லை; நடைபாதைக்கு அந்தப் பக்க ஜன்னல்.
டிக்கெட்டைக் கையிலேயே பிடித்திருந்தாள்,
பரிசோதகர் எப்போது வருவார் என்று
கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து.
சுரங்கம், வெளிச்சம், சுரங்கம்.
ஃபிலிசூர் தாண்டி அவர் வந்தபோது
வாய் லேசாகத் திறந்து தூங்கிப்போயிருந்தாள்.
எங்கள் இரண்டு அரைகளையும்
லொரினின் அட்டையையும் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பினார்.
"இவங்க உங்களோடா?"

என் கட்டத்தாளில் இந்தக் கேள்விக்கு இடமில்லை.
லொரின் எழுந்து போய்
அக்காவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தான்.
அவர் குனிந்து, பிடியிலிருந்தபடியே
தெரிந்த பாதி டிக்கெட்டைப் படித்து,
"போதும், எழுப்பாதே தம்பி" என்று சொல்லி
அடுத்த பெட்டிக்குப் போனார்.

கூரில் ரயில் மாற வேண்டும்.
இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது.